அமலா டாக்டரிடம் சொன்னது

நாகரத்தினம் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அமலா முடிவு கட்டியது ஜூலை மாதம் ஒரு காலையில். குளியலறையில் அவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரில் கையை ஊன்றி ஊன்றிக் கட்டில் வரைக்கும் வந்து உட்கார்ந்தார்.

"தலை சுத்துதுட்டி," என்றார்.

இதைப் பன்னிரண்டு வருஷம் கேட்டவள் அவள். முன்பெல்லாம் ராத்திரி எந்நேரம் வந்து படுத்தாலும் காலையில் வாந்தி, அப்புறம் தலை சுத்துது, அப்புறம் "நேத்து சாப்பிட்ட பரோட்டா சேரல." ஒரு வார்த்தை மாறாது. அவருடைய சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். வேர்வையும் டீசலும்தான் இருந்தது. அப்படியென்றால் வாசனை வராத சரக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருந்த நாகரத்தினத்தைக் கம்பெனி கொல்கத்தாவுக்கு மாற்றி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கிடர்பூர் துறைமுக யார்டில் வந்து இறங்கும் கன்டெய்னர்களின் நம்பரையும் பூட்டு முத்திரையையும் சரிபார்ப்பது அவர் வேலை. பெஹாலாவில் ஸ்மிதா என்ற வங்காளி அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அமலா பக்கத்துத் தெரு கூரியர் ஆபீசில் பார்சல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மகள் மீரா பெங்களூரில் வேலையாக இருந்தாள்.

அவர் குடியை விட்டது தானாக அல்ல. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், லிம்போமா என்றார்கள். அன்று சாயங்காலம் பரண் மேல் ஒளித்து வைத்திருந்த ரம் பாட்டிலைத் தானே எடுத்து வந்து அவள் கையில் கொடுத்து, "ஊத்திரு" என்றார். ஆறு தடவை கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டி, முளைத்து, மறுபடி யார்டுக்குப் போக ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். உடம்பு தேறிவிட்டது, பயம் போய்விட்டது, பழைய புத்தி திரும்பிவிட்டது. அமலா போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் செய்தது எல்லாம் அந்தக் கணக்கில் சரியாகப் போய் விழுந்தது. அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தப்புச் செய்தவன் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்ட கேள்வி ஒன்று, சொல்லும் பதில் வேறொன்று. டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தார். மாடிப்படி ஏறும்போது இடது பக்கமாகவே சாய்ந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "காதுக்குள்ள கப்பல் சங்கு ஊதுத மாதிரியே இருக்கு," என்றார்.

"எங்க வச்சிருக்கிய?" என்று கேட்டாள் அவள்.

"எதை?"

"பாட்டில."

அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததும் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "குடிக்கலட்டி. மீரா மேல சத்தியமா குடிக்கல."

மீரா மேல் அவர் சத்தியம் செய்வது அது முதல் தடவை இல்லை.

ஜூலைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய முறை வந்தது. "அடுத்த மாசம் போவோம்" என்று அவர் தள்ளிப் போட்டார். அவளும் விட்டுவிட்டாள். உயிர் கொடுத்த டாக்டர் முன்னால் இந்த ஆட்டத்தோடு போய் நிற்பதா என்று கூச்சமாக இருந்தது அவளுக்கு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மீன் வாங்கப் போனார். அரை மணி நேரத்தில் அமலாவுக்கு ஃபோன் வந்தது. அவள் போனபோது நாகரத்தினம் மீன்காரர் நிதாயின் மேடைக்குக் கீழே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் தட்டு கவிழ்ந்து கெண்டை மீன்கள் தரையில் கிடந்தன. காலங்காத்தாலேயே என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். என்ன ஆச்சு போதி என்று நிதாய் கேட்டார். போதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவர் கேட்ட விதத்தில் உண்மையான கவலை இருந்தது. கூட்டத்தைப் பார்த்து அமலாவுக்கு முகம் எரிந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வங்காள மொழியில் சொன்னாள், மறுபடி குடிக்கிறார், நான் என்ன செய்ய என்று. சொன்னதும் ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. இனி மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் கம்பெனி மேனேஜர் வீரராகவனை ஃபோனில் கூப்பிட்டாள். லாரிகள் பின்னோக்கி வரும் யார்டில் இந்த நிலையில் அவர் நிற்கக் கூடாது என்று நினைத்துத்தான் கூப்பிட்டாள். அந்த நினைப்பில் பொய் இல்லை. வீரராகவன் முதலில் ஆபீசுக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார். பத்து நாளில், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் தெருமுனையில் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனாள். சின்ன வயசு டாக்டர், வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். என்ன செய்கிறது என்று டாக்டர் நாகரத்தினத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நாகரத்தினம் லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் அமலாவிடமிருந்து வந்தது.

"பழைய குடிகாரர். கேன்சர் வந்து நிறுத்தினார். அது குணமாகிவிட்டது. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறார். தள்ளாடுகிறார், வாந்தி எடுக்கிறார், கேட்டால் இல்லை என்கிறார்."

டாக்டர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். ஈரலுக்கு ஒன்று, வைட்டமின் ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று என்று மாத்திரை கொடுத்து, குடியை நிறுத்த ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றின் எண்ணையும் எழுதினார். அவர் பேசி முடிக்கும் வரை நாகரத்தினம் சிரித்த முகமாகவே இருந்தார். வெளியே வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடச் சொன்னார்," என்றாள் அவள்.

அக்டோபரில் துர்கா பூஜை விடுமுறைக்கு மீரா வந்தாள். அம்மா ஃபோனில் சொன்னதையெல்லாம் நம்பி, அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல்தான் முதல் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் தன் ஃபோனில் எதையோ காட்ட அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இயர்ஃபோனை எடுத்து ஒன்றை அவர் காதில் செருகினாள்.

"ஒண்ணும் வரலியேம்மா," என்றார் அவர்.

மற்றக் காதில் மாற்றினாள். "ஏதோ கரகரங்குது."

மீரா எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "அப்பா, உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு," என்றாள். அவர் அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முன்னால் வந்து அதையே வாயை மட்டும் அசைத்துச் சொன்னாள். அவர் திடுக்கிட்டுக் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

அடுக்களை வாசலில் அமலா நின்றிருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"மா, அப்பா குடிக்கல," என்றாள் மீரா. "அப்பாக்குக் காது கேக்கல. ஒண்ணுமே கேக்கல. நாம பேசறத வாயப் பாத்துப் பாத்து சமாளிக்கறார். நீ எப்டி பாக்கல?"

ஒரு தாளில் எழுதிக் கேட்டபோது நாகரத்தினம் ஒத்துக்கொண்டார். முதலில் இடது காது போயிற்று. அப்புறம் வலதும் மங்கியது. லாரி ஹாரன் கேட்காதவனை யார்டில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று வெளியே சொல்லவில்லை. "அந்தச் சீக்குதான் திரும்பிருக்கோன்னும் ஒரு பயம். போய்க் கேட்டா ஆமான்னுருவாங்கள்லா."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்பு கீமோ கொடுத்த அதே டாக்டர் சுப்ரியாதான் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். லிம்போமா திரும்பியிருந்தது. உடம்பில் வேறெங்கும் இல்லை. மூளையிலிருந்து காதுக்குப் போகும் நரம்பில், இரண்டு பக்கமும் படர்ந்திருந்தது. கேட்பதற்கும் நிலை தவறாமல் நிற்பதற்கும் அந்த ஒரு நரம்புதான் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். செவி போனதும் கால் தள்ளாடியதும் வாந்தியும் எல்லாம் அதனால்தான்.

"எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார்.

"மூன்று வாரமாக," என்றாள் அமலா.

அந்தப் பொய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மீரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மூன்று வாரம் என்றே எழுதினார்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு அமலாவால் உட்கார முடியவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரின் அறை வாசலில் போய் நின்றாள். மூன்று வாரம் இல்லை, மூன்று மாதம் என்றாள். செக்கப்புக்கு வராமல் விட்டதைச் சொன்னாள். தெருமுனை டாக்டரிடம் தான் சொன்ன பதிலைச் சொன்னாள். டாக்டர் சுப்ரியா பழைய தேதியை அடித்து ஜூலை என்று எழுதினார்.

"அப்போதே வந்திருந்தால்?" என்று கேட்டாள் அமலா.

"மருந்து இதேதான் கொடுத்திருப்போம். காது கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் அவள் போயிருந்தாள். திட்டவில்லை. அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

மருந்து ஏற்றுவதற்காக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தடவை ஏற்றினால் நாலைந்து நாள் அங்கேயே இருக்க வேண்டும். அந்த மருந்து ரத்தத்திலிருந்து இறங்கும் வரை தண்ணீராக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது தடவை சேர்க்கும்போது வலது காதும் முழுக்க அடைத்துவிட்டிருந்தது. மீரா ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்திருந்தாள். தண்ணீர் வேணுமா, வலிக்கிறதா, மீரா ஃபோன் பண்ணினாள் எல்லாம் அதில்தான்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அமலா வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சில சமயம் சத்தமாகவும் சொல்லுவாள். அவர் கண்ணை மூடியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுவாள். இரண்டு நாள் இப்படிப் போன பிறகு தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. காது கேட்காத மனுஷனிடம் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று மனசைத் தேற்றிக்கொள்வது என்ன நியாயம்?

கைப்பையில் ஆபீசின் கூரியர் சீட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. அதன் பின்புறத்தில் எழுதினாள். தமிழில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, கை ஓடவில்லை. நிதாய் கடையில் சொன்னது, வீரராகவனைக் கூப்பிட்டது, ஆஸ்பத்திரிக்கு வராமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதினாள். கடைசிச் சீட்டில், அந்த டாக்டர் உங்களிடம்தான் கேட்டார், நான்தான் முந்திக்கொண்டு குடிக்கிறார் என்று சொன்னேன், அதனால் அவர் உங்கள் காதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினாள். ஐந்து சீட்டு வந்தது. அவர் கையில் கொடுத்தாள்.

நாகரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசிச் சீட்டை மறுபடி படித்தார்.

"டாக்டர்ட்ட நீயா சொன்ன?" என்று கேட்டார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது வார்டு முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாத அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வாயில்லாத மாடு மாதிரி சிரிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ பக்கத்துல இருந்துட்டு இதைத்தான் சொன்னியா?"

அவள் தலையசைத்தாள். அவர் சீட்டுகளை அடுக்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். வேகமாகத் திரும்பியதில் தலை சுற்றியிருக்க வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே கிடந்தார்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நர்ஸ் கொடுத்தால் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை அவளைப் பார்த்து, "வீரராகவன்ட்டப் போய்ச் சொல்லு. நிதாய்ட்டயும் சொல்லு. ஃபோன்ல வேண்டாம், நேர்ல போ," என்றார்.

அவள் அன்றே கிடர்பூர் போனாள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற ரோட்டில் பஸ் நகர மறுத்தது. இறங்கி நடந்தாள். வீரராகவன் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாங்களும் ஒரு மெடிக்கல் பண்ணிப் பாத்திருக்கணும் மேடம். வீட்டுக்காரம்மாவே சொல்றாங்களேன்னு விட்டுட்டோம்." கொஞ்சம் தயங்கி, "சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க. ஆகஸ்டுலேர்ந்து மெடிக்கல் லீவா மாத்திடறேன்," என்றார்.

"யார்டுல மத்தவங்க கிட்டயும் சொல்லணும் சார்."

"நான் சொல்லிடறேன்."

"இல்ல சார். நான் சொல்லணும்."

வீரராகவன் யார்டிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு அனுப்பினார். எண்ணெய்க் கையோடு வந்து நின்ற அவர்களிடம் அவள் வங்காள மொழியில் சொன்னாள், அவர் குடிக்கவில்லை, நோய், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று. அவர்களில் வயசான ஒருவர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிதாய் கெண்டையை அரிவாள்மணையில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே அறுத்தார். நீங்கள் சொன்னதை நான் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேனே போதி, இப்போது யார் யாரைத் தேடிப்போய் இல்லை என்று சொல்வேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, போனது வந்தது எல்லாம் பலகையில் எழுதிக் காட்டினாள். நிதாய் சொன்னதைப் படித்து நாகரத்தினத்தின் வாய் ஓரம் லேசாகக் கோணியது.

"பத்துதானா? அவன் வாய்க்குக் கம்மி," என்றார். அது அவளிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

குளிர்காலம் முழுக்கச் சேர்ப்பதும் வீட்டுக்குக் கூட்டி வருவதுமாகப் போயிற்று. ஜனவரியில் வலது காது கொஞ்சம் திறந்தது. முதலில் பிரஷர் குக்கர் விசில், அப்புறம் காக்காய். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பேச்சும் கேட்டது. இடது காது திரும்பவில்லை, நடையும் திரும்பவில்லை. நாலு கால் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், கண்ணை மூடினால் சரிந்தார். மார்ச்சில் எடுத்த ஸ்கேனில் நரம்பு சுத்தமாகத் தெரிந்தது. இப்போதைக்கு என்று டாக்டர் சுப்ரியா சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை அமலா அவருக்குச் சொல்லாமல் விடவில்லை. இனி அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் எதையும் விழுங்குவதில்லை என்று இருந்தாள்.

ஸ்கேன் முடிந்த வாரம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தல்லா, அதை வாயால சொல்லு."

"இப்ப எதுக்குங்க?"

"அப்ப படிச்சேன். கேக்கலல்லா."

அவள் அவருடைய வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எழுதியபோது வந்ததைப் போலச் சொற்கள் வரிசையாக வரவில்லை. மீன் கடையைச் சொன்னாள், மேனேஜரைச் சொன்னாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து டாக்டரையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒண்ணு விட்டுட்ட," என்றார் முடிவில்.

அவர் எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. தெரியும். அதை மறந்து எழுதாமல் விடவில்லை. எழுதக் கை வரவில்லை. மீராவிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

அது போன செப்டம்பரில் ஒரு சாயங்காலம் நடந்தது. தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கீழ்வீட்டு ஸ்மிதா மேலே வந்திருந்தார். நாகரத்தினம் கடைக்குப் போய்விட்டுத் தள்ளாடிக்கொண்டே உள்ளே வந்தார். குடிக்கவில்லை என்று அவர் ஆரம்பித்ததும் அமலாவுக்கு வெறி வந்தது. சிவப்புச் சிமென்ட் தரையில் சுவரோரமாக ஓடும் கறுப்புக் கரையைக் காட்டினாள். "இதுல கால் பிசகாம நடந்து காட்டுங்க. நடந்துட்டா நம்புதேன்," என்று சொல்லி, புரிய வேண்டுமே என்று கையாலும் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். மூன்றாவது அடியில் ஃப்ரிட்ஜ் மேல் போய் விழுந்தார். எழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி விழுந்தார். அமலா கை கொடுக்கவில்லை. ஸ்மிதாவைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா என்றாள். ஸ்மிதா கீழே இறங்கிப் போய்விட்டார்.

அமலா அதை இப்போது ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பார்த்தீர்களா என்று தான் கேட்டது வரைக்கும் சொன்னாள்.

நாகரத்தினம் அந்தக் கறுப்புக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது தடவை விழுந்தேம் பாரு," என்றார். "அப்ப எனக்கே சந்தேகம் வந்துட்டு. எங்கயோ குடிச்சிட்டுத்தான் மறந்துட்டமோன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன், எங்க குடிச்சோம், எவன் வாங்கிக் குடுத்தான்னு."

அமலா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். அவள் இனிச் சொல்லப் போவதையும் கேட்க, அவர் வலது காதை அவள் பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.